ஊருக்குள் ஓட்ட ஒரு குட்டி சூப்பர்மோட்டோ: எதை விட்டேன், எதை எடுத்தேன்

என் முதல் வண்டி நீண்ட தூரத்துக்கு வாங்கியது. இருநூறு கிலோவுக்கு மேல் எடை, இரண்டு பக்கமும் பெட்டி. நெடுஞ்சாலையில் அதை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போதுதான் பீரோவைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இரண்டாவதாக ஒரு சின்ன வண்டி வேண்டும், அது சூப்பர்மோட்டோவாக இருக்க வேண்டும் என்று ஒரே நாளில் முடிவு செய்துவிட்டேன். எந்த சூப்பர்மோட்டோ என்பதை முடிவு செய்யத்தான் ஏழெட்டு மாதம் ஆனது.

ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே என்று கேட்டால், ஆமாம், வாங்கியிருக்கலாம். சாமான் வைக்க இடம் இருக்கும், கியர் மாற்றும் வேலை இல்லை. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவோம்.

1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக நடத்திய ‘சூப்பர்பைக்கர்ஸ்’ போட்டியில் தொடங்கிய வகை சூப்பர்மோட்டோ. மண்ணும் தாரும் கலந்த பாதை, அதற்கு ஏற்றபடி மாற்றிய வண்டிகள். மண்பாதைப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் வண்டியின் உடம்பு, தார் ரோட்டுக்கான 17 அங்குலச் சக்கரம் என்பதுதான் இன்றைக்கும் அடிப்படை. ஊருக்குள் இது பொருந்துவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நீளமான சஸ்பென்ஷன் பள்ளத்தையும் ஸ்பீடு பிரேக்கரையும் கண்டுகொள்ளாது. உயரமான சீட்டிலிருந்து முன்னால் நிற்கிற கார்களின் கூரைக்கு மேலே பார்க்கலாம். ஹேண்டில்பார் சாதாரண கார்களின் பக்கக் கண்ணாடிக்கு மேலாகவே போய்விடும். எஸ்யூவியின் கண்ணாடி மட்டும் சொல்லிவைத்த மாதிரி அதே உயரத்தில் வந்து நிற்கும்.

என் பட்டியலில் கடைசியாக நின்றவை நான்கு. சுசுகி டிஆர்-இசட்400எஸ்எம், யமஹா டபிள்யூஆர்250எக்ஸ், கவாசாகி கேஎல்எக்ஸ்300எஸ்எம், அப்புறம் பந்தய வண்டியிலிருந்து நேராகப் பிறந்த ஒரு 450 சிசி. நான் எடுத்தது டிஆர்-இசட். பழைய வண்டி, கார்புரேட்டர் வைத்தது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான்குக்கும் பொதுவான குறைகளைச் சட்டென்று கடந்துவிடலாம். எல்லாமே உயரம்: டிஆர்-இசட்டின் சீட் 890 மி.மீ., கேஎல்எக்ஸ் 860 சுமார். சீட் பலகை மாதிரி இருக்கும். டேங்க் சின்னது, டிஆர்-இசட்டில் 10 லிட்டர், மற்ற இரண்டு ஜப்பான் வண்டிகளிலும் ஏழரை லிட்டர் அளவு. பின்னால் ஒருவரை உட்காரவைப்பது அவருக்குச் செய்யும் துரோகம். ஊருக்குள் மட்டும் ஓட்ட வேண்டிய இரண்டாவது வண்டிக்கு இவை எதுவும் பெரிய விஷயமே இல்லை.

என் கணக்கில் முடிவு செய்தது ஒன்றுதான்: பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, சர்வீஸைக் கிலோமீட்டரில் சொல்கிற வண்டியா, மணி நேரத்தில் சொல்கிற வண்டியா என்பது.

முதலில் எனக்கு ஆசை 450 மேல்தான். நண்பன் ஒருவனிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான சாலையில் ஓட்டக் கொடுத்தான். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரைச் சும்மா திருகினாலே முன் சக்கரம் மேலே எழும். இறங்கி வந்து, வாங்கினால் இதுதான் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஆயில் மாற்றினான் என்று தேதி வாரியாக எழுதி வைத்திருந்தான். “வண்டி ஓட்டுற நேரத்த விட ஆயில் மாத்துற நேரம்தான் அதிகம் மச்சான், யோசிச்சு வாங்கு” என்றான்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த வகை எஞ்சின்களுக்கு ஏறக்குறைய 15 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில். பந்தயப் பாதையில் 15 மணி நேரம் என்பது பல வாரயிறுதிகள். ஊருக்குள்ளோ சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான். அப்படியானால் 15 மணி நேரம் என்பது வெறும் 300 கிலோமீட்டர்! வாரத்துக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டினால்கூட ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். அதன் பின்னாலேயே டேப்பட் சோதனை, அதாவது வால்வு இடைவெளியை அளந்து பார்க்கிற வேலை, வரும். நூறு சொச்சம் மணி நேரத்தில் பிஸ்டன் மாற்றுகிற பேச்சும் வந்துவிடும். அது மூவாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடாது. சிக்னலில் நியூட்ரலில் நின்றாலும் மணி ஓடிக்கொண்டே இருக்கும். ஊருக்குள் ஓட்டுகிறவர் பாதிப் பணத்தைச் சிவப்பு விளக்குக்குக் கொடுக்கிறார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த எண்கள் முழுத் திருகலில் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துச் சொன்னவை. மெதுவாக ஓட்டுகிறவர்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் ஒரு லிட்டர் சொச்சம் ஆயில் மட்டுமே பிடிக்கிற எஞ்சினில் தள்ளிப்போடுவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. போதாததற்கு இவற்றில் பலவற்றுக்கு ரேடியேட்டர் ஃபேன் கிடையாது, காற்றடித்தால்தான் குளிரும். நெரிசலில் நின்றால் தண்ணீர் கொதித்து வெளியே வரும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். வாரத்தில் மூன்று நாள் எடுக்கிற வண்டிக்கு அது வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது அதே கணக்கை டிஆர்-இசட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். 398 சிசி, ஒற்றை சிலிண்டர், நீர்க்குளிர்ச்சி, ஃபேன் உண்டு. டேப்பட் சோதனை 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற அதே வேகத்தில் அது 1,200 மணி நேரம். அந்தச் சோதனையிலும் இடைவெளி சரியாக இருந்தால் மூடியைத் திரும்பப் போட்டுவிடலாம். இடைவெளியைச் சரிசெய்கிற சின்னத் தகடான ஷிம்மை மாற்ற வேண்டியிருந்தால்தான் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். ஆயில் 1.7 லிட்டர் அளவு. நானே மாற்றிக்கொள்கிறேன், அரை மணி நேர வேலை.

ஒரு விஷயம் மட்டும் கிலோமீட்டரில் அடங்காது. மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி அணைத்துவிட்டால் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. எஞ்சினுக்குள் சேர்கிற நீராவியும் கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். அதனால் ஓடோமீட்டர் என்ன சொன்னாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். இரண்டாவது வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும், எந்த வண்டியாக இருந்தாலும்.

பராமரிப்புதான் அளவுகோல் என்றால் ஜெயித்திருக்க வேண்டியது உண்மையில் டபிள்யூஆர்250எக்ஸ். டேப்பட் சோதனை ஏறக்குறைய 42,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. டைட்டானியம் இன்டேக் வால்வு, அலுமினியம் ஃபிரேம், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். 250 சிசி வண்டிக்கு இவ்வளவு செய்தார்களா என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. சிக்கல், அது எப்போதோ நின்றுபோன மாடல். நான் பார்த்த மூன்றில் இரண்டு விழுந்து எழுந்தவை; மூன்றாவதன் சொந்தக்காரர் கடைசி நிமிடத்தில் விற்க மனம் வராமல் திரும்ப எடுத்துக்கொண்டார். (அவரைக் குறை சொல்ல மாட்டேன்.) ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் பட்டது: எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் சக்தி வருகிறது. நெரிசலில் திருகிக்கொண்டே, கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிஆர்-இசட் ஐந்து கியர்தான், ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும். மூன்றாவதில் போட்டுவிட்டு அப்படியே பாதி ஊரைத் தாண்டிவிடலாம். நெடுஞ்சாலையில் ஆறாவது கியர் இல்லையே என்று தோன்றும். அதற்குத்தான் முதல் வண்டி இருக்கிறதே.

டிஆர்-இசட்டின் பலவீனம் கார்புரேட்டர். இதை என் சொந்த முட்டாள்தனத்தால் கற்றுக்கொண்டேன். வாங்கிய முதல் வருடம் ஆறு வாரம் வெளியூர் போய்விட்டேன். வண்டியை நிறுத்தும்போது ஒன்றுமே செய்யவில்லை. திரும்பி வந்து செல்ஃபை அழுத்தினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கிக்கர் இந்த மாடலில் கிடையாது. கார்புரேட்டரைக் கழற்றினால், எத்தனால் கலந்த பெட்ரோல் காய்ந்து, பெட்ரோல் போகிற, முடி நுழைகிற அளவே துளை இருக்கிற பைலட் ஜெட்டை அடைத்திருந்தது. ஒரு நாள் போனது. இப்போதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்குகிற கிண்ணமான ஃப்ளோட் பவுலின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுகிறேன், பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டிவிடுகிறேன். இதைச் செய்யப் பொறுமை இல்லையென்றால் டிஆர்-இசட்டைத் தொடாதீர்கள். இன்ஜெக்‌ஷன் இருக்கிற கேஎல்எக்ஸை எடுங்கள்.

கேஎல்எக்ஸ்300எஸ்எம் பற்றி நான் நிறையப் பேசக் கூடாது. இரண்டு மாலை நேரம் ஓட்டியதுதான் என் அனுபவம். 292 சிசி, ஆறு கியர், 138 கிலோ. சீட் கொஞ்சம் தாழ்வு என்பதால் கால் நன்றாக எட்டியது. சாதுவான வண்டி. கிளட்ச் அவ்வளவு மெது. சூப்பர்மோட்டோ ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். இரண்டாவது மாலையின் முடிவில் எனக்கு இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் போலிருந்தது. அது பேராசையாகவும் இருக்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இப்போது வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. 2025 மாடலாக வந்த டிஆர்-இசட்4எஸ்எம் கார்புரேட்டர் தலைவலியை ஒழித்துவிட்டது. இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் உண்டு. எடை 154 கிலோவுக்கு ஏறியிருக்கிறது. சீட் உயரத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட இரக்கம் காட்டவில்லை. கேடிஎம் 390 எஸ்எம்சி ஆர் 44 குதிரைசக்தி, 860 மி.மீ. சீட் என்று தாளில் நன்றாக இருக்கிறது. இரண்டையும் நான் சொந்தமாக வைத்து ஓட்டவில்லை. ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை அப்போது வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

விற்பனை மதிப்பு பற்றி இரண்டே வரி. டிஆர்-இசட்400 குடும்பம் 2000இலிருந்து இருக்கிறது. 17 அங்குலச் சக்கரம் வைத்த எஸ்எம் 2005இல் வந்தது. இத்தனை வருடமும் எஞ்சின் பெரிதாக மாறாததால் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை, வாங்கவும் ஆள் இருக்கிறது.

வாங்கிய பிறகு தெரிந்த இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்போக் வீல், உள்ளே டியூப். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சென்டர் ஸ்டாண்டும் கிடையாது. அடியில் முட்டுக் கொடுக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கி வீட்டில் வைப்பது நல்லது. இரண்டாவது, செயின். சஸ்பென்ஷன் நீளம் என்பதால் நிற்கும்போது செயின் தொளதொளவென்றுதான் தொங்க வேண்டும். மற்ற வண்டிப் பழக்கத்தில் இழுத்து முடுக்கினால், ஆள் உட்கார்ந்து சக்கரம் மேலே ஏறும்போது செயின் விறைத்து, முன் ஸ்பிராக்கெட் பக்கத்து பேரிங்கைத் தின்றுவிடும். முதல் மாதம் நானும் முடுக்கத்தான் போனேன். நோட்டு வைத்திருந்த நண்பன்தான் கையைப் பிடித்து நிறுத்தினான்.

என் ஓடோமீட்டர் இப்போது 22,000ஐத் தாண்டிவிட்டது. 24,000இல் டேப்பட் பார்க்க வேண்டும்: இன்டேக் 0.10 முதல் 0.20, எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30 மி.மீ. இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜ் வாங்கி வைத்திருக்கிறேன். நண்பன் அந்த 450ஐப் போன மாதம் விற்றுவிட்டான். டேப்பட் பார்க்கிற அன்றைக்கு உதவிக்கு வருகிறேன் என்கிறான், டிஆர்-இசட்டை ஒரு வாரம் கடன் கொடுத்தால்.