முதல் எழுத்தை முழுங்கும் மின்ட்

எதிர்வீட்டுத் தம்பி நேற்று கேட்டான்: "அண்ணே, விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுபோச்சு, எங்க லேப்டாப்புல 11 ஏறாதாம். உங்கள மாதிரி விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுடட்டுமா? அம்மா சீரியல் பாக்கணும், அவ்ளோதான்." 2025 அக்டோபர் 14-க்கு அப்புறம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆளாளுக்கு என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள்.

என்னுடையது நாலாம் தலைமுறை இன்டெல் லேப்டாப், லினக்ஸ் மின்ட் 22. படம் ஓடுவதில் குறையே சொல்ல மாட்டேன். இன்ஸ்டால் செய்யும்போதே மல்டிமீடியா கோடெக்கை (படம், பாட்டைப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) டிக் அடித்துவிட்டால் போதும். யூடியூப்தான் ஃபேனை அலற விட்டது. அது விபி9 என்ற வடிவத்தில் சுருக்கி அனுப்பும் வீடியோவை இந்தப் பழைய சிப் தனியாகப் பிரிக்காது, மொத்த வேலையும் பிராசஸர் தலையில் விழும். சிப்புக்குப் பிரிக்கத் தெரிந்த எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷனை பிரவுசரில் போட்டேன், ஃபேன் அடங்கியது. எம்பிவி பிளேயரில் தமிழ் சப்டைட்டில் கொம்பும் காலும் பிசகாமல் வருகிறது. உதட்டசைவுக்கும் குரலுக்கும் ஒட்டவில்லையா, கன்ட்ரோலோடு பிளஸ் அல்லது மைனஸ் தட்டினால் பத்தில் ஒரு நொடி நகரும். இதற்காகவே அதைக் கும்பிடலாம்.

ஆனால் சத்தம்! எதை பிளே செய்தாலும் ஸ்பீக்கர் "டப்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, முதல் எழுத்தை முழுங்கிவிடும். செய்தியில் "வணக்கம்" என்பார்கள், எனக்கு "க்கம்" கேட்கும். சின்ன வாய்ஸ் மெசேஜ் என்றால் பாதி போயே போச்சு. மெசேஜ் வந்ததற்கான டிங் ஒலி கேட்கவே கேட்காது. ரிப்பேர் கடையில் காட்டினால், "கடலூர் உப்புக்காத்து சார், ஜாக் அரிச்சிடுச்சு" என்று ஜாக்கை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள். "டப்" அப்படியே இருந்தது.

விஷயம் ஜாக்கில் இல்லை. கொஞ்ச நேரம் சத்தம் இல்லையென்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆடியோ சிப் திண்ணைத் தாத்தா மாதிரி கண்ணயர்ந்துவிடுகிறது. அதிலும் தூங்க வைக்க இரண்டு பேர். லினக்ஸின் மையமான கர்னலில் இருக்கும் இன்டெல் ஆடியோ டிரைவரின் பவர் சேவ் ஒன்று. அதற்கு மேலே, சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும் பைப்வயரைக் கவனிக்கும் வயர்பிளம்பர் என்ற மென்பொருள், அது 5 நொடியிலேயே கடையைச் சாத்திவிடும். டிரைவரில் 0, அதாவது தூங்கவே வேண்டாம், என்று மாற்றியதும் "டப்" போனது, எழுத்து முழுங்குவது பாதிதான் குறைந்தது. வயர்பிளம்பரையும் மாற்றலாம் என்று தேடினால், இணையத்தில் கிடைத்த குறிப்பெல்லாம் 0.5 பதிப்புக்கானவை. மின்ட் 22-இல் இருப்பது 0.4. அதன் அமைப்புக் கோப்பு லுவா மொழியில், புதியதில் வடிவமே வேறு. ஒட்டினால் எர்ரர்கூட வராது, சும்மா கிடக்கும். இப்படிச் சும்மா கிடப்பதுதான் எரிச்சல். பழைய லுவா கோப்பைத் தேடிப் பிடித்து அந்த 5-ஐ 0 ஆக்கிய பிறகுதான் முழு "வணக்கம்" கேட்டது.

பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், இறங்கட்டும். என் லேப்டாப்பில் இனி விண்டோஸ் ஏறப்போவதில்லை.

தம்பியிடம் மட்டும் "போடாதே" என்று சொல்லிவிட்டேன். அவன் அம்மா சீரியலில் முதல் வசனத்தை விட மாட்டார்கள். லுவா கோப்போடு மல்லுக்கட்ட தினமும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான்.