பவர் பட்டன் தவிர மற்றதெல்லாம் நல்ல பொருள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல நிறைய இருக்கிறது. சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் அதன் பவர் பட்டனைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். கோடையில் மெஷின் செத்தேபோய்விட்டது என்று நாங்கள் முடிவுகட்டியது, கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாய் வாங்கக் காசு அழுதது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதித்தது, என் வீட்டுக்காரர் தவணையில் லேப்டாப் பார்க்கக் கிளம்பியது, இத்தனைக்கும் காரணம் சில ரூபாய் பெறுகிற ஒரு சுவிட்ச்.

2010-இல் மதுரையில் அசெம்பிள் பண்ணி வாங்கியது. புராசசர் கோர் 2 டுவோ இ7500, மதர்போர்டு ஜி41, ரேம் டிடிஆர்3 வகை. இந்த வகை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். திருநகரில் வீட்டிலேயே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வினாத்தாள் அடிக்க, கட்டணக் கணக்கு வைக்க, ராத்திரி பழைய பாட்டுக் கேட்க, எல்லாவற்றுக்கும் இதுதான்.

புராசசர் ஒரு நாள்கூட என்னைப் படுத்தியதில்லை. 2012-இல் பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்த, வினாத்தாளை அவசரமாய் சேமித்து மூடுவதே என் பிழைப்பாக இருந்தது. அந்த அடியையும் தாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி போனது, விண்டோஸ் 7 வந்தது. 2020 ஜனவரியில் அதற்கும் ஆதரவு நின்றபோது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளம் போட்டேன். 4 ஜிபி ரேமில் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான பதிப்பு சுகமாக ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்கிற சேமிப்பகத்தைப் போட்டது நான் இதற்குச் செய்த ஒரே பெரிய செலவு. இந்தப் போர்டில் டிஸ்கை மாட்டுகிற சாட்டா இணைப்பு பழைய 3 ஜிபிபிஎஸ் ரகம் என்பதால் எஸ்எஸ்டியின் வேகத்தில் பாதிதான் கிடைக்கும். அந்தப் பாதியே எனக்கு அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆன் செய்தால் பால் காய்வதற்குள் வேலைக்குத் தயாராக இருக்கும்.

சரி, பட்டனுக்கு வருகிறேன்.

கேபினெட் என்கிற வெளிப்பெட்டியின் முன்பக்கத்தில் வெள்ளிப் பூச்சு பூசிய பெரிய பட்டன். வாங்கியபோது அழகாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் பூச்சு உரிந்தது. அதற்கப்புறம் அமுக்கினால் உள்ளே போகும், வெளியே வர யோசிக்கும். நகத்தால் நெம்பி இழுக்க வேண்டும். அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பட்டனோடு சேர்த்து வார்த்த மெல்லிய பிளாஸ்டிக் கை ஒன்றுதான் வளைந்து வளைந்து ஸ்பிரிங் வேலை பார்க்கிறது. மதுரை வெயிலில் அது எத்தனை வருடம் வளையும்? போதாக்குறைக்கு, ஹாலில் பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கிறது கம்ப்யூட்டர். ஊதுபத்திப் புகையும் தாளிப்புப் புகையும் தூசியோடு சேர்ந்து பிசினாகி அந்த இடுக்கில்தான் போய் உட்காரும். மெஷினுக்கே முகவரி அந்தப் பட்டன்தான், தினமும் கை படுகிற இடம். அதில்தான் கேபினெட் செய்தவர்கள் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம். கரண்ட் போய் வந்தபின் ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் போர்டின் பெயர் வந்தது, பட்டென்று எல்லாம் அணைந்தது. மறுபடி அமுக்கினால் மூச்சில்லை. பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டைத் தூக்கி நகர்த்தித் துடைத்துவிட்டுப் போட்டால் மறுபடி உயிர் வந்தது, அதே இடத்தில் அணைந்தது. பட்டன் இந்த முறை சமத்தாக வெளியே வந்து நின்றதால் யாருக்கும் அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு ஆட்டோவில் எடுத்துப் போனோம். அவர்கள் போர்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, தங்கள் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, திருப்புளி முனையால் போர்டில் இரண்டு பின்னைத் தொட்டு ஆன் செய்தார்கள். ஜம்மென்று ஓடியது. "எஸ்எம்பிஎஸ் போயிருச்சு மேடம்" என்றார்கள். புதிது போட்டு, கேபினெட்டைப் படுக்கப்போட்டபடியே ஓட்டிக் காட்டினார்கள். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி அங்கே சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு வந்து நிமிர்த்தி வைத்து ஆன் செய்தால் பழைய கதை. போன் செய்தேன். "அப்ப உங்க வீட்டு கரண்ட்ல பிரச்சனை இருக்கும் மேடம், எர்த் செக் பண்ணுங்க" என்று பதில். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். 230 வோல்ட் ஒழுங்காக இருக்கிறது, எர்த்தும் சரி. கை காலி என்று காட்ட வேண்டாமோ என்னவோ, போகிற போக்கில் யுபிஎஸ் பேட்டரியைச் சந்தேகப்பட்டுவிட்டுப் போனார். யுபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பார்த்தோம். அப்போதும் அணைந்தது.

இதற்குள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. "மதர்போர்டுதான். வயசாயிருச்சு, விடு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அதில் ஒன்று இடித்தது. அது அணைகிற நேரம்.

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அணைகிறது. அரை மணி ஆறவிட்டுப் போட்டாலும் நாலு. சூடாக இருக்கும்போது போட்டாலும் நாலு. புராசசர் சூடானதால் அணைகிறது என்றால், ஆறியபின் கூடக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும், சூட்டில் சீக்கிரம் அணைய வேண்டும். எங்காவது ஷார்ட் இருந்தால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள நொடிகூடத் தாமதிக்காமல் படுத்துவிடும், ஃபேன் லேசாகத் துடித்து நிற்கும். ரேம் சரியாக உட்காரவில்லை என்றால் பீப் பீப் என்று கத்தும், ஆனால் அணையாது. போர்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற குட்டி உருளைகளான கெபாசிட்டர்கள் உப்பியிருக்கின்றனவா என்று பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்து டிகிரி சூடு கூடினால் அந்த வகைக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பார்கள், நம்ம ஊர் கோடையை நினைத்துப் பயந்துதான் பார்த்தேன். எல்லாத் தலையும் தட்டையாக, கசிவில்லாமல் இருந்தன. பையனின் மல்டிமீட்டரை வைத்து, ஓடுகிற அந்தச் சில நொடிக்குள் மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 இருப்பதையும் பார்த்துக்கொண்டேன். ஐந்து சதவீதம் வரை ஏறி இறங்கலாம், அதற்குள்தான் இருந்தது. அணைந்து கிடக்கும்போதும் ஊதா வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும், இருந்தது.

ஆக, எந்தப் பாகமும் விழவில்லை. யாரோ கணக்காக நாலு நொடி எண்ணி அணைக்கிறார்கள். கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? பவர் பட்டனை நாலு நொடி விடாமல் அமுக்கிப் பிடிப்போம், அணையும். அது மென்பொருளைக் கேட்காமல் போர்டே செய்கிற வேலை. அப்படியென்றால் யாரோ பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று போர்டு நினைக்கிறது.

அந்த நேரம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

போர்டின் ஓரத்தில், கேபினெட் முன்பக்கத்திலிருந்து வருகிற மெல்லிய வயர்கள் சேருகிற பின் வரிசை இருக்கும். பவர் சுவிட்ச் என்று எழுதிய இரட்டை வயரைப் பிடுங்கினேன். அந்த இரண்டு பின்னையும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டு எடுத்தேன். ஆன் ஆனது. நாலு போய், பத்து போய், மின்ட் வந்து, இரவு சாப்பாடு முடிகிற வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்கிய வயரில் மல்டிமீட்டரை வைத்தேன், பட்டனைத் தொடாமலே பீப் அடித்தது, அதாவது சுவிட்ச் அமுங்கியபடியே இருக்கிறது. வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பட்டன் திரும்பி வந்துவிட்டது, அதன் பின்னால் இருக்கிற குட்டி சுவிட்ச் உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஆட்டோவில் குலுங்கும்போதும் கேபினெட்டைப் படுக்கப்போடும்போதும் விடுபடும். நிமிர்த்தி வைத்து அமுக்கினால் மறுபடி சிக்கும். கடையில் ஓடியதற்கும் வீட்டில் ஓடாததற்கும் விளக்கம் இவ்வளவுதான். வீட்டு கரண்ட் பாவம்.

வைத்தியம் அதைவிட எளிது. ரீசெட் பட்டனை நான் இத்தனை வருடத்தில் தொட்டதே இல்லை. அதன் வயரைப் பவர் பின்னில் மாட்டிவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி சுவிட்ச்தான், எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். அந்தப் பின்னில் இருப்பது சின்ன வோல்ட், கையில் ஒன்றும் அடிக்காது. ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கடைக்காரர்கள்மேல் கோபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் பதினைந்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியது தப்பில்லை, இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். பழசு வீட்டில் வேலை செய்யவில்லை, அவர்களுடையது மேசையில் வேலை செய்தது, அந்த வரைக்கும் அவர்கள் முடிவு புரிகிறது. ஆனால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லையே! அது நன்றாக இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். திருப்புளியால் தொட்டு ஆன் செய்பவர்கள், பட்டனால் ஒருமுறை ஆன் செய்து பார்த்திருக்கலாம். நல்ல பையன்கள்தான், தண்ணீர் பாட்டில் எல்லாம் கொடுத்தார்கள். இனி அங்கே போக மாட்டேன்.

இதெல்லாம் முடிந்து ஓய்ந்த நேரத்தில் உசிலம்பட்டியிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார். அவரிடம் நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 புராசசர் போட்ட ஒரு டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். "மதினி, உங்க பழசு நல்லா ஓடுதுன்னு அண்ணன் சொன்னாரு. நானும் இதை வச்சுக்கவா, எடைக்குப் போட்டுரவா?" என்று கேட்டார்.

இவ்வளவு நேரம் புகழ்ந்ததற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எஸ்எஸ்டி போட்டு, மின்ட் போட்டு இன்னும் ஐந்து வருடம் ஓட்டுங்கள் என்றுதானே. என்னுடையதைவிட அது எவ்வளவோ வேகமான மெஷின். ஆனால் அவர் கேட்டது காலை ஏழு மணிக்கு. டியூஷன் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், நான் குனிந்து, பட்டாணி அளவு ரீசெட் பட்டனைப் பேனா முனையால் தேடிக்கொண்டிருக்கிறேன். "போட்டுருங்க தம்பி, பழசைக் கட்டிக்கிட்டு மாரடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்கள் கேட்டாலும் இன்றைக்கு நாலுதான் தருவேன், பட்டன் சுவிட்சை மாற்றிய பிறகு கேளுங்கள்.

"அப்படின்னா அந்த மெஷினை நாமளே வாங்கிக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர். வேண்டாம். எனக்கு இதன் குணம் பழகிவிட்டது, புதுசாக இன்னொரு கேபினெட்டோடு மல்லுக்கட்ட முடியாது. எடைக்குப் போடும் முன்னால் அதிலிருக்கிற டிடிஆர்3 ரேமை மட்டும் கழற்றி வைக்கக் கொழுந்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். ஜி41 போர்டு எல்லா 4 ஜிபி ரேமையும் ஏற்காது, இரண்டு பக்கமும் எட்டு எட்டு சிப் இருக்கிற ரகமாகப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றார், இன்னும் அனுப்பவில்லை.