மூக்கு கழுவும் 240 மில்லி அமுக்குக் குப்பி: குப்பி நல்லது, குழாயில்தான் குறை

அமுக்கினால் வளையும் பிளாஸ்டிக் குப்பி, நுனியில் துளையுள்ள மூடி, மூடியிலிருந்து அடிவரை இறங்கும் மெல்லிய குழாய், கூடவே உப்புப் பொட்டலங்கள். பெட்டிக்குள் இவ்வளவுதான். பல நிறுவனங்கள் இதே வடிவில் விற்கின்றன.

மூக்கில் அடிக்கும் சின்ன உப்புநீர் ஸ்பிரேயைவிட இது மேல் என்பதற்குக் காரணம் தண்ணீரின் அளவு. ஸ்பிரே முன்பகுதியை நனைப்பதோடு சரி. ஒரு துவாரத்தில் 120 மில்லி போய் மறு துவாரத்தில் கொட்டும்போதுதான் கெட்டிச்சளி பெயர்ந்து வரும். நாட்பட்ட சைனஸ் அழற்சி பற்றி 2016இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில் (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அமைப்பு காக்ரேன்), தினமும் 150 மில்லி உப்புநீரால் கழுவியதில் ஓரளவு பலன் தெரிந்தது. சான்றின் தரம் உயர்ந்ததல்ல என்பதையும் அதே ஆய்வு சொல்லிவிடுகிறது. யோகப் பயிற்சியில் மூக்கு கழுவப் பயன்படும் மூக்குள்ள ஜலநேதிக் குவளையும் இதே வேலையைச் செய்யும்; ஆனால் அதற்குத் தலையை நன்றாகச் சாய்க்க வேண்டும். கழுத்துப் பிடிப்பு உள்ளவர்களுக்குக் குப்பிதான் வசதி, குனிந்தாலே போதும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றக் கூடாது. நெக்ளேரியா ஃபௌலெரி என்ற அமீபா குடிக்கும் தண்ணீரோடு வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால் வாசனை நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. ஆகவே காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்ட் வாட்டர்), அல்லது தளதளவென்று 1 நிமிடம் கொதித்து ஆறிய நீர். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்றால் 3 நிமிடம். கொதித்தது உடல் சூட்டுக்கு இறங்கும்வரை பொறுக்க வேண்டும். அவசரத்தில் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றினால் கொதிக்க வைத்ததே வீண்.

எரிச்சல் என்று குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் உப்பைக் குறைத்திருப்பார்கள். வெறும் தண்ணீர் மூக்கின் சவ்வுக்குள் ஊறி அதை வீங்கச் செய்யும்; அதனால்தான் உச்சந்தலை வரை சுரீரென்கிறது. 240 மில்லிக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் உப்பு இருந்தால் 0.9 சதவீதம், அதாவது ரத்தத்தை ஒத்த செறிவு. பொட்டலத்தில் அந்த அளவோடு, எரிச்சலைத் தணிக்கச் சமையல் சோடாவும் சேர்ந்திருக்கும். வீட்டில் கலப்பவர்கள் அயோடின் சேர்க்காத உப்பைத் தராசில் நிறுத்துப் போடலாம். கரண்டியை நம்ப வேண்டாம். தூளுப்பும் கல்லுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை.

கழுவும்போது தொட்டிமேல் குனிந்து, வாயைத் திறந்து, வாயால் மூச்சுவிட வேண்டும். "கா... கா..." என்று ஒலி எழுப்பிக்கொண்டிருந்தால் அண்ணத்தின் பின்பகுதி மேலெழும்பித் தொண்டையை மறைக்கும், புரையேறாது. மெதுவாக அமுக்குங்கள். ஓங்கி அமுக்கினாலோ நடுவில் எச்சில் விழுங்கினாலோ தண்ணீர், மூக்கின் பின்புறத்தைக் காதோடு இணைக்கும் காதுக்குழல் பக்கம் ஏறிக் காது அடைத்துக்கொள்ளும். முடிந்ததும் இரண்டு துவாரத்தையும் திறந்தபடி லேசாகச் சிந்த வேண்டும். ஒன்றை மூடிக்கொண்டு பலமாகச் சிந்தினாலும் அதே காதுவலிதான். கொஞ்ச நேரம் கழித்துக் குனியும்போது மிச்சத் தண்ணீர் பொலபொலவென்று கொட்டும், பயப்பட வேண்டாம். ஸ்டீராய்டு ஸ்பிரே போடுபவர்கள் கழுவியபின் போடட்டும். முன்னால் போட்டால் மருந்து தொட்டிக்குத்தான் போகும்.

இனி குறை. அந்த மெல்லிய குழாயின் உட்புறம் எளிதில் காயாது, ஈரத்தில் கிருமி படியும். ஒவ்வொரு முறையும் சோப்புநீரால் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசி, மூன்று பாகங்களையும் கழற்றி உதறிக் காயப்போட வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை குப்பியையே மாற்றிவிடுவது நல்லது. இன்னொன்று: மூக்கில் வைத்தபடியே பிடியைத் தளர்த்தினால் குப்பி சளியோடு தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சில வகைகளில் ஒருவழி வால்வு உண்டு, வாங்கும்போது அதைப் பாருங்கள். இல்லாத குப்பி என்றால் மூக்கிலிருந்து எடுத்தபிறகே கையைத் தளர்த்துங்கள். ஒரு குப்பியை இருவர் பயன்படுத்தவே கூடாது.

மூக்கு முழுக்க அடைத்திருந்தால், காதில் சீழோ வலியோ இருந்தால், காதிலோ சைனஸிலோ அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். சாதாரணச் சளியோடு வரும் சைனஸ் தொல்லை பெரும்பாலும் வைரஸால் வருவது. குப்பி அதை ஆற்றாது, அடைப்பை இளக்கும், அவ்வளவே. 10 நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி ஏறுகிறது என்றால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் குப்பியை வைத்துவிட்டு உடனே மருத்துவமனை.