வேக்குவம் பம்பா, பேட்டரியோடு வரும் ஜி5-ஆ?

நாங்கள் கூட்டாக வைத்திருக்கும் பழைய சிறு விமானம் செஸ்னா 172-க்கு வேக்குவம் பம்பு (எஞ்சின் ஓட்டத்தில் காற்றை உறிஞ்சி, கருவிக்குள் இருக்கும் ஜைரோ என்ற சக்கரத்தைச் சுழற்றுவது) மாற்ற வேண்டிய கட்டம் வந்தது. புதுப் பம்பு போடுவதா, அதில் ஓடும் ஹொரைசனையே (விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி) கழற்றிவிட்டு, அதே வேலையை மின்சாரத்தில் செய்யும் திரைக் கருவியான கார்மின் ஜி5 போடுவதா என்று கோவையில் உட்கார்ந்து பேசி, ஜி5-தான் போட்டோம்.

பம்பு மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஜி5-க்குச் செலவு அதிகம்; நம் விமான மாடலுக்கு ஒப்புதல் உண்டா என்று பார்ப்பது, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) காகித வேலை என்று நாளும் ஆகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று: கெட்டுப்போவதற்கு முன்னால் தரையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

எங்களுடையது போன்ற உலர் பம்பில் எண்ணெய் கிடையாது. கார்பன் ரோட்டரின் பள்ளங்களில் கார்பன் தகடுகள் வழுக்கி ஓடும். தேய்ந்து உதிரும் பொடிதான் மசகு. தகடு தேய்ந்து குட்டையாகிச் சிக்கினால் ரோட்டர் நொறுங்கிவிடும். போர்வெல் மோட்டார் போவதற்கு முன் சத்தம் மாறும், தண்ணீர் குறையும். இந்தப் பம்போ கடைசிவரை கேஜில் வழக்கமான உறிஞ்சு அழுத்தமான 5 அங்குலம் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். தேய்மானம் பார்க்கத் துளை வைத்த பம்புகள் உண்டு, எங்களுடையதில் இல்லை. அப்புறம், பம்பு நின்றாலும் ஜைரோ உடனே நிற்காது. சுழற்சி குறையக் குறைய ஹொரைசன் மெல்லச் சாயும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு மேகம் தாழ்ந்து வரும் ஜூன், ஜூலையில் வெளியே எதுவும் தெரியாமல் போனால், அந்தச் சாய்வை நம்பி விமானத்தையே சாய்த்துவிடுவோம். என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

ஜி5-க்குப் பின்னால் மாட்டும் லித்தியம் பேட்டரி புதிதில் 4 மணி நேரம் வரை தாங்கும் என்கிறது கார்மின். கிளம்புவதற்கு முன் மாஸ்டர் சுவிட்சை (விமானத்தின் மொத்த மின்சாரத்துக்கான சுவிட்ச்) அணைத்தால் திரை அணையாமல் பேட்டரிக்கு மாறும். சார்ஜ் எவ்வளவு என்றும் காட்டும். எங்கள் மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "பம்பு போறதுக்கு முந்தி நம்மகிட்டச் சொல்லீட்டா போகுதுங்க? இது சொல்லுதுங்களே!" அதற்கு மேல் எனக்கு வாதம் தேவைப்படவில்லை.

கரண்ட் இல்லாமலே ஓடும் என்பது பம்பின் பெரிய பலம், உண்மைதான். ஆனால் இரவில் மின்சாரம் முழுக்கப் போனால் பேனல் விளக்கும் போய்விடும். ஓடுகிற ஹொரைசனைப் பார்க்க டார்ச் வேண்டும். ஜி5 திரை தானே வெளிச்சம் தரும். எதைப் போட்டிருந்தாலும் டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும். சிவப்பு டார்ச் ஒளியில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும் என்பதால் மங்கலான வெள்ளைதான் என் தேர்வு. நான் இரவில் பறந்தது குறைவு. இதில் அனுபவசாலிகள் சொல்வதையே கேளுங்கள்.

ஜி5 வேகமும் உயரமும் காட்டுகிறதே என்று பழைய ஏர்ஸ்பீடு, ஆல்டிமீட்டர்களைக் கழற்ற நினைக்காதீர்கள். அவற்றுக்குக் கரண்டே வேண்டாம், காற்றழுத்தம் போதும். கோவை ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி. அன்றைய கியூஎன்எச் (கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கல் அலகில்) வைத்ததும் ஜி5, ஆல்டிமீட்டர் இரண்டும் அதை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் கிட்டத்தட்ட 30 அடி மாறிவிடும்.

ஆனால் இரண்டுக்கும் காற்று வருவது ஒரே பிட்டோ குழாய் (எதிர்க்காற்றை வாங்குவது), ஒரே ஸ்டாடிக் துளை (சுற்றியுள்ள காற்றழுத்தத்தை வாங்குவது) வழியாக. குழாயில் குளவி கூடு கட்டினால் இரண்டு வேகமும் சேர்ந்தே பொய் சொல்லும். 1996-இல் 189 பேரைப் பலிகொண்ட பர்கன்ஏர் 301 பயணிகள் விமான விபத்தில் பிட்டோ குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்றே கருதப்பட்டது. இந்த விஷயத்தில் ஜி5-ஆல் பெரிய உதவி கிடையாது. குழாய்க்கு உறை போடுவதுதான் வழி.

சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் விமானத்துக்குள் லித்தியம் பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் இன்னும் ஓட்டவில்லை. பகலில் மட்டும் பறப்பவர், துளை வைத்த புதுப் பம்பு போட்டிருப்பவர் என்றால், அந்தப் பம்பின் ஆயுள் முடியும்வரை அவசரப்பட வேண்டாம்.