மொறிஸ் மைனருக்கு ஸ்பின் ஓன் ஒயில் பில்டர் பூட்டி ஆறு மாசம்

எங்கட கார் 1958 மொறிஸ் மைனர், 948 சிசி, அப்பா யாழ்ப்பாணத்தில ஓடினது, இப்பவும் வீட்டிலதான் நிக்குது. இதுக்கு இங்கிலாந்தில இருந்து எடுப்பிச்ச ஸ்பின் ஓன் பில்டர் அடப்டர் ஒண்டு, அதாவது டப்பா மாதிரி முழுசாத் திருகிப் பூட்டுற ஒயில் பில்டரைப் போட வைக்கிற துண்டு, பூட்டி ஆறு மாசம் ஆச்சு, மைனர் வச்சிருக்கிற ஆக்கள் வேண்டலாமோ எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம், அதான் விரிவா எழுதுறன்.

கம்பனி குடுத்த பில்டர் ஒரு இரும்புக் கோப்பை, உள்ளுக்க ஒயிலை வடிக்கிற கடதாசி எலிமெண்ட். எலிமெண்ட் இப்பவும் கிடைக்குது, அதில குறை இல்ல. கோப்பைக்குள்ள இருக்கிற சின்னச் சாமான்கள்தான் பிரச்சினை. அடியில ஸ்பிரிங், அதுக்கு மேல வாசர், பேந்து ஒரு பெல்ட் (felt, கம்பளி மாதிரி) வாசர், தட்டு, அதுக்கு மேலதான் எலிமெண்ட் இருக்கோணும். அந்த பெல்ட் வாசர் இல்லாட்டி ஒயில் எலிமெண்டுக்குள்ளால வடியாம நடு போல்ட்டோட ஒட்டி ஊத்தையோடயே பெயரிங்குக்குப் போகும். பிரசர் குறையாது, லைட் பத்தாது, வெளியில ஒரு சொட்டும் ஒழுகாது, ஒருத்தருக்கும் தெரியவராது. எங்கட காரில கோப்பையைக் கழட்டேக்க அந்த வாசர் இல்ல. எத்தினை தரம் புது எலிமெண்ட் வேண்டிப் போட்டிருப்பம், அவ்வளவும் வீண், அதை நினைக்கச் சரியான கவலையாப் போச்சு.

அதோட இந்தக் கார் 90களில பெற்றோல் இல்லாத நேரம் மண்ணெண்ணெயில ஓடின கார். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில கன கார் அப்பிடித்தான் ஓடினது, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது, எரியாமல் மிஞ்சுற மண்ணெண்ணெய் சிலிண்டரால வழிஞ்சு எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்புக்குள்ள இறங்கி ஒயிலைத் தண்ணி மாதிரி ஆக்கிப்போடும், கரியும் சேரும். எஞ்சினை நாங்கள் பிறகு திருத்தினாலும் கோப்பைக்கு அடியில தார் மாதிரி ஒண்டு காய்ஞ்சு கிடந்தது. இப்பிடியான எஞ்சினுக்கு ஒழுங்கான பில்டர் இல்லாமல் ஏலாது.

சரி, அடப்டர். வார்ப்பு வடிவா இருக்கு, பழைய பில்டர் தலை இருந்த இடத்திலயே வந்து இருக்குது, ஒண்டும் வெட்ட வேண்டி வரேல்ல. ஆனா கிட்டோட வந்த காஸ்கெட் சரியில்ல, முதல் நாளே கசிஞ்சுது. கராச் அண்ணை தடிச்ச காஸ்கெட் சீட்டில புதுசு வெட்டிப் போட்டவர், அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் சொட்டில்ல. நீங்களும் வேண்டினால் அந்தக் காஸ்கெட்டை நம்பாதேங்கோ. பில்டர் எடுக்கேக்க உள்ளுக்க ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கிற ரப்பர் வால்வு இருக்கிறதாப் பாத்து எடுங்கோ. பூட்டினவுடன நேர ஸ்டார்ட் பண்ண வேண்டாம், பிளக் நாலையும் கழட்டிப்போட்டு ஒயில் லைட் அணையிற வரைக்கும் ஸ்டாட்டரைச் சுத்துங்கோ.

அண்டைக்கே ரப்பெட்டும், அதாவது வால்வுக்கும் அதை அமத்துற ரொக்கருக்கும் இடையில இருக்கிற இடைவெளியும், பாத்தனாங்கள், இதைக் கட்டாயம் சொல்லோணும். மைனருக்கு எஞ்சின் குளிரா இருக்கேக்க எட்டு வால்வுக்கும் 0.012 இஞ்சி. ஒன்பது கணக்கு எண்டு ஒரு சுகமான வழி இருக்கு, எந்த வால்வு முழுசாத் திறந்து நிக்குதோ அந்த நம்பரை ஒன்பதில இருந்து கழிச்சு வாறதைச் சரிபண்ணுறது, 8 திறந்தால் 1, 5 திறந்தால் 4, அப்பிடியே. மைனருக்கு ஹான்டில் இருக்கிறதால பிளக்கைக் கழட்டிப்போட்டு ஆறுதலா கையால சுத்தலாம். எங்கட 4ம் வால்வில 0.006 தான் கிடந்தது. முந்தி ஆரோ சத்தம் வேண்டாம் எண்டு இறுக்கி விட்டிருக்கினம். அது எரிஞ்ச புகை வெளியில போற எக்ஸோஸ்ட் வால்வு, இடைவெளி காணாட்டி சூடாகேக்க தான் மூடி இருக்க வேண்டிய சீட்டில வடிவா இருக்காது, சூடு போக வழியில்லாமல் எரிஞ்சு போகும். ரப்பெட் சத்தம் கொஞ்சம் கேக்கிறது நல்லது, சத்தமே இல்லாட்டித்தான் பயப்படோணும். இன்னொண்டு, ரொக்கர் நுனி தேய்ஞ்சு குழி விழுந்திருந்தால் இடைவெளி அளக்கிற பீலர் கேச் தகடு அந்தக் குழிக்கு மேலால நிக்கும், கேச்சில சரியாக் காட்டும் ஆனா சத்தம் போகாது, எங்கட ரண்டு ரொக்கர் அப்பிடி, மாத்தினாப் பிறகுதான் எஞ்சின் ஒரே சீராப் போகுது.

ஆறு மாசத்தில ரண்டு தரம் ஒயில் மாத்தினன், 20டபிள்யூ50 தான் விடுறன். பில்டர் மாத்திறது பத்து நிமிச வேலை, முந்தி அந்தக் கோப்பையோட அரை நாள் மினக்கெட்டு, பழைய ரப்பர் ரிங்கை ஊசியால கிண்டி எடுத்து, கையெல்லாம் ஒயில். காந்தம் வச்ச ட்ரெயின் பிளக் ஒண்டும் போட்டிருக்கிறன், இரும்புத் தூள் பிடிக்குது, ஆனா பெயரிங் உலோகம் காந்தத்தில ஒட்டாது, அதுக்குப் பில்டர்தான். நல்ல பில்டர் எண்டு சொல்லி ஒயில் மாத்தாமல் இழுக்காதேங்கோ, பழைய 3000 மைல் கணக்கிலயே நிக்கிறன் நான்.

விலை கூடத்தான், ஆனாலும் வேண்டுங்கோ எண்டுதான் சொல்லுவன். காரை அச்சொட்டா பழைய மாதிரியே வச்சிருக்க விரும்புற ஆக்கள் அந்த பெல்ட் வாசரை மட்டும் தேடி எடுத்துப் போட்டாலே காணும். அடப்டர் பூட்டினாலும் பழைய கோப்பையை எறியவேண்டாம், நான் எங்கடயைக் கழுவி ஒயில் பூசி அப்பான்ர ஹான்டிலோட டிக்கியில சுத்தி வச்சிருக்கிறன்.