கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ்: இரண்டு வருடத்தில் எது கைகொடுக்கிறது, எது இடிக்கிறது

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறவோ வேலைக்குப் போகவோ உதவும் காலேஜ். அதில் சேரப்போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, எந்த லாங்குவேஜ் சொல்லித்தருவார்கள் என்று. அதைவிட முக்கியம், கணக்கில் எந்தப் படியில் உட்காரவைப்பார்கள் என்பது. ப்ரீகால்குலஸில் தொடங்கினால் கால்குலஸ் ஒன்று, இரண்டு, லீனியர் ஆல்ஜீப்ரா என்று நாலு செமஸ்டரும் நிரம்பிவிடும். நடுவில் ஒன்று கோட்டைவிட்டால் மூன்றாம் வருடம். புரோகிராமிங்கிலும் இதே சங்கிலிதான்: அறிமுகம், இரண்டாம் பாடம், பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். சிறிய காலேஜ்கள் சிலவற்றில் கடைசிப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும்.

"இரண்டு வருடம்" என்பதும் பேச்சுக்குத்தான். கலிஃபோர்னியாவில் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களுக்கு மாற, அடுத்த ஃபாலுக்கான (இலையுதிர்கால செமஸ்டர்) விண்ணப்பத்தைப் பொதுவாக நவம்பர் வாக்கிலேயே போடவேண்டும். அதாவது மூன்றாம் செமஸ்டர் பாதியில். அப்போது கையில் இருப்பது முதல் வருட மார்க்கும் சம்மர் மார்க்கும்தான். கால்குலஸைச் சம்மரில் தள்ளினால், 16 வாரப் பாடத்தை எட்டு வாரத்திலோ ஆறு வாரத்திலோ விழுங்கவேண்டும். கூடவே இன்னொரு பாடம் எடுப்பது தற்கொலைக்குச் சமம்.

பட்டத்தின் பெயரையும் உற்றுப்பார்க்கவும். அசோசியேட் ஆஃப் சயின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு. பொதுவாக 60 க்ரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் எண்). நடுவில் 'அப்ளைடு' என்று ஒரு சொல் வந்தால் அது நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அதில் படித்த நெட்வொர்க்கிங் பாடங்கள் பல, மாறும்போது கணக்கில் வராது. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதைக் கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்னும் இணையதளம் காட்டும். பைத்தானில் படித்த அறிமுகப் பாடத்தை ஒரு வளாகம் ஏற்கும், இன்னொன்று சி ப்ளஸ் ப்ளஸ்தான் வேண்டும் என்னும். கவுன்சிலரின் வாய்வார்த்தையைவிட அந்தப் பட்டியலை நம்பலாம்.

நேரக்கணக்கு: மூன்று க்ரெடிட் என்றால் வாரத்துக்கு வகுப்பில் மூன்று மணி, வெளியே ஆறு மணி என்பார்கள். புரோகிராமிங்குக்கு இது போதவே போதாது. சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் பத்து இடமுள்ள அரேயை (மதிப்புகளின் வரிசை) ஒவ்வொன்றாகச் சுற்றும் லூப்பில் 'சிறியது' என்பதற்குப் பதில் 'சிறியது அல்லது சமம்' போட்டுவிட்டால், பதினோராவது இடத்தையும் தொட்டுவிடும். சொந்த லேப்டாப்பில் ஒன்றும் ஆகாமல் போகலாம். மார்க் போடும் சர்வரில் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் புரோகிராம் நின்றுபோவது) என்று விழலாம். பக்கத்து மெமரியில் என்ன கிடக்கிறது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதே காரணம். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சேனிட்டைசர் என்ற கருவியோடு கம்பைல் செய்து ஓட்டினால் தவறு நடந்த வரியையே காட்டிவிடும். பல வகுப்புகளில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது பெரிய குறை.

எஃப்-1 என்னும் மாணவர் விசாக்காரர்கள் கவனிக்கவேண்டியது தனி. செமஸ்டருக்குக் குறைந்தது 12 க்ரெடிட். முழு ஆன்லைன் பாடத்தில் ஒன்றுதான், அதுவும் மூன்று க்ரெடிட் வரை, அந்தக் கணக்கில் சேரும். அசோசியேட் பட்டத்துக்கு 12 மாத ஓபிடி (படித்த துறையில் வேலைசெய்யும் அனுமதி) உண்டு. அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்கு அந்த அனுமதியைக் கூட்டித்தரும் ஸ்டெம் நீட்டிப்பு கிடையாது, அதற்குக் குறைந்தது பேச்சலர் பட்டம் வேண்டும். கால்குலஸ் கைமீறிப் போகிறது என்று ஒரு பாடத்தைக் கைவிட்டால் மற்றவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' (பாடத்தைக் கைவிட்டதன் குறி) விழும், அவ்வளவுதான். எஃப்-1இல் அதனால் 12க்குக் கீழே போனால் விசா நிலையே போய்விடும். டிஎஸ்ஓவின் (காலேஜில் வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரி) ஒப்புதல் கைக்கு வந்தபிறகுதான் டிராப் பட்டனில் கை வைக்கவேண்டும்.