பழைய உருக்குச் சைக்கிள்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

அப்பாவின் 28 அங்குல ராலே சைக்கிள் எங்கள் வெள்ளவத்தை வீட்டு மாடிப்படியின் கீழ் நெடுங்காலம் சாய்ந்துகிடந்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதுதான் அதை வெளியே எடுத்தேன். பிரேமில் பழுதில்லை, மற்றவை எல்லாவற்றிலும் இருந்தது. எனக்கு முன்னால் மூன்று வழிகள் தெரிந்தன: பழையதைப் போன்ற பாகங்களையே தேடிப் பூட்டுவது, ரிம்மையும் பிறேக்கையும் மட்டும் புதுமுறைக்கு மாற்றுவது, பல கியர்களுடன் முற்றாக உருமாற்றுவது.

முதல் வழிதான் மலிவானது. இவ்வகைச் சைக்கிள்கள் இந்தியாவில் இன்றும் செய்யப்படுவதால், ரயர், உருக்கு ரிம், பிறேக் கட்டை எல்லாம் புறக்கோட்டை டாம் வீதியில் அதிகம் அலையாமல் கிடைத்துவிடுகின்றன. ஆயினும் மழை வந்ததும் இந்த வழியின் குறை வெளிப்பட்டுவிடும். குரோம் பூசிய உருக்கு ரிம் நனைந்தால், கைப்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் கட்டைகள் முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும். சில்லு மூன்று நான்கு சுற்றுச் சுற்றிய பிறகே பிடிக்கத் தொடங்கும். காலி வீதியில் முன்னால் போகும் பஸ் சட்டென்று ஓரங்கட்டும்போது அந்த மூன்று சுற்றுக்கு இடமிருப்பதில்லை.

அலுமினிய ரிம் நனைந்தாலும் கணிசமாகப் பிடிக்கும் என்பதால், இரண்டாவது வழியே எனக்குப் பொருத்தமாகப் பட்டது. ஆனால் அங்கேயும் அளவுகள் குறுக்கே நிற்கின்றன. பழைய 28 அங்குல ரிம்மின் இருக்கை விட்டம், அதாவது ரயரின் ஓரம் அமரும் இடத்தின் குறுக்களவு, 635 மில்லிமீற்றர். இப்போது பரவலாகக் கிடைக்கும் 700 சி ரிம்முக்கு அது 622. ஆகவே ரிம் 6.5 மில்லிமீற்றர் உள்ளே தள்ளிப்போகிறது. பிறேக்கின் கைகள் அவ்வளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். கீழிருந்து கம்பியால் இழுபடும் பழைய பிறேக் ரிம்மின் உட்புறத்தையே பிடிப்பதால், அது புதிய ரிம்முக்கு உதவாது. போதாக்குறைக்கு, பழைய பிரித்தானிய வழக்கப்படி முன் ஹப்பில் (சில்லின் நடுக்குடத்தில்) 32, பின் ஹப்பில் 40 என்று ஆரக்கம்பித் துளைகள் இருக்கின்றன; ரிம்மிலும் அதே எண்ணிக்கை வேண்டும். கடையில் கிடைப்பவையோ பெரும்பாலும் 36 துளை ரிம்கள்.

இதனால் நான் பாதி வழியிலேயே நின்றுகொண்டேன். முன்பக்கத்துக்கு ஹப்போடு கூடிய முழு அலுமினியச் சில்லும், ரிம்மை இருபுறமும் கவ்வும், நீண்ட கைகளுள்ள கலிப்பர் பிறேக்கும் வாங்கினேன். பின்சில்லையும் அதன் கம்பிப் பிறேக்கையும் தொடவில்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சில்லுடையது என்பதால், செலவழித்த பணம் உரிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. பழைய முன்கவையின் உள்ளகலம் புதிய ஹப்புக்கு வேண்டிய 100 மில்லிமீற்றரைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும், உருக்கு என்பதால் கையால் விரித்தே பொருத்த முடிந்தது. முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு இன்னோர் அளவு என ரயர் வாங்க வேண்டியிருப்பது மட்டும் இன்றுவரை எரிச்சலாக இருக்கிறது.

மூன்றாவது வழியை, இந்தச் சைக்கிளுக்கு, நான் பரிந்துரைக்கமாட்டேன். பல பல்லடுக்குகள் கொண்ட இன்றைய பின் ஹப்புக்குப் பிரேமின் பின்கவையில் 130 அல்லது 135 மில்லிமீற்றர் இடைவெளி தேவை; ஒற்றை வேகப் பிரேமில் இருப்பதோ ஏறத்தாழ 110தான். ஏற்கெனவே 126 மில்லிமீற்றர் உள்ள பழைய பந்தயச் சைக்கிளை 130க்கு விரிப்பது பக்கத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் வேலை. 110இலிருந்து விரிப்பதோ பிரேமின் வடிவத்தையே சோதிப்பது. கியர் வேண்டும் என்பவருக்கு, ஹப்புக்குள்ளேயே பற்சக்கரங்கள் அடங்கிய ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று வேக ஹப் மேலானது. அதன் தாழ்ந்த கியர், பற்சக்கரமும் சில்லும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் கியரின் 75 சதவீதம். கடற்காற்றின் உப்பும் மணலும் உள்ளே போகா. ஆனால் புதுக்கடை ஏற்றத்தை விட்டால் கொழும்பில் கியர் தேடும் இடங்கள் அரிது. பின்னால் 18 பல் பிரீவீலை (சங்கிலி ஓடும் பின் பற்சக்கரத்தை) கழற்றி 20 பல் போட்டதில் மிதி பத்து வீதம் இலேசாகியது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மிதிகள் பூட்டிய கிராங்கையும் மாற்ற நினைத்தேன். ஆனால் ராலே தன் பழைய சைக்கிள்களில் கிராங் அச்சு ஓடும் அடிக்குழலில் அங்குலத்துக்கு 26 திருகுபுரி வெட்டியது. பொதுவான ஆங்கில அளவு 24 புரி. உருளைகளோடு ஒரே பெட்டியாக வரும் புதிய அச்சு அதில் ஏறாது என்பதால், கிராங்கை அச்சோடு இறுக்கும் பழைய கொட்டர் ஆணியோடே இருந்துவிட்டேன். அந்த ஆணியிலும் ஒருமுறை ஏமாந்தேன். “இரண்டும் ஒன்றுதான், தம்பி” என்று ஒரு கடைக்காரர் 9 மில்லிமீற்றர் ஆணியைத் தந்துவிட்டார். எனக்கு வேண்டியது 9.5. ஒரு கிழமைக்குள் ஒவ்வொரு மிதிக்கும் ‘டக்’ என்று தட்டத் தொடங்கியது. சரியான ஆணியை அடித்து இறுக்கி, மரைன் டிரைவில் ஒருதரம் ஓடிவிட்டு வந்து நட்டை மீண்டும் முடுக்கியபோது அது இன்னும் அரைச்சுற்று உள்ளே போனது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை.